தாய்மாமன் மடியும் எல்-ஃபோர் எல்-ஃபைவும்

காலில் வலித்தால் கோளாறும் காலில்தான் இருக்கும் என்று நம்புகிற அப்பாவிக் கூட்டம் ஒன்று உண்டு. அதில் நான் நெடுநாள் உறுப்பினன். வலது பிட்டத்தில் கிளம்பி, தொடையின் பின்பக்கம் இறங்கி, கெண்டைக்காலைச் சுண்டி இழுத்து, கால் பெருவிரலில் போய் முடிகிற ஒரு வலிக்காக மூன்று ஜோடி செருப்பு மாற்றினேன். தைலம் தேய்த்தேன். முடவாட்டுக்கால் கிழங்கை வாங்கி ஒரு மாதம் சூப் வைத்துக் குடித்தேன். (சூப் அருமையாக இருந்தது. வலியும் அப்படியே இருந்தது.)

கடைசியில் பீளமேட்டில் ஒரு டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்க கால்ல ஒண்ணுமே இல்லைங்க" என்றார்.

"வலிக்குதுங்களே டாக்டர்."

"வலிக்கத்தான் செய்யும். கீழ்முதுகுல எல்-ஃபோர், எல்-ஃபைவ்னு ரெண்டு எலும்பு. அதுக்கு நடுவுல இருக்கிற டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துது. அந்த நரம்பு கால் வரைக்கும் போகுதுங்க. தப்பு பண்றது முதுகு, அடி வாங்கறது காலு."

மோட்டார் பம்ப் உதிரிபாகங்களைத் தூக்கிக்கொண்டு பதினெட்டு வருடம் பைக்கில் ஊர் ஊராகச் சுற்றியதற்கு முதுகு கொடுத்த பரிசு அது. டாக்டர் இடுப்புக்கு ஒரு பெல்ட் கொடுத்தார். பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு மூன்று கட்டளை போட்டார்: தரையில் சம்மணம் போட்டு உட்காரக் கூடாது, குனிந்து எதையும் தூக்கக் கூடாது, வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். என் உடம்பில் வலிக்காமல் ஆட்ட முடிந்தது தலை ஒன்றைத்தான்.

சரியாகப் பதினைந்தாம் நாள், என் தங்கை தேவியின் மகள் யாழினிக்குக் காதுகுத்து. எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு மொட்டை அடிப்பதும் காது குத்துவதும் தாய்மாமன் மடியில்தான். மாமன் தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அது திமிறினால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அதாவது டாக்டர் சொன்ன மூன்றையும் வரிசையாக, சொந்தபந்தம் முன்னிலையில், பட்டுவேட்டி கட்டிக்கொண்டு மீற வேண்டும்.

தேவி போனில் கூப்பிட்டாள்.

"ஏனுங்ணா, கால் ரொம்ப வலிக்குதுன்னு அண்ணி சொன்னாங்க. முடியலைன்னா சொல்லிப்போடுங்க. செந்திலண்ணன் மடியில வெச்சுக்கலாமுங்க."

செந்தில் என் பெரியப்பா மகன். ஐ.டி. கம்பெனி, தினமும் ஜிம், இரும்பில் வார்த்த மாதிரி தொடை. தங்கை அன்பாகத்தான் சொன்னாள். எனக்கோ யாரோ என் நாற்காலியை இழுத்த மாதிரி இருந்தது. எங்களுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. தேவிக்குப் பொறந்த ஊடு என்று சொல்லிக்கொள்ள மிச்சமிருப்பது நான் ஒருத்தன்தான். அந்த ஒரே மடியும் லாயக்கில்லை என்று அவள் புகுந்த வீட்டார் முன்னால் ஆகிவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? இப்படியெல்லாம் யோசித்து எனக்கு நானே கண்கலங்கிவிட்டு, "வலியா, எனக்கா? அதெல்லாம் எப்பவோ போயிருச்சு அம்மணி" என்றேன்.

என் மனைவி கவிதா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, முடியாதுன்னு சொன்னா உங்களை யாராச்சும் ஊரை விட்டா தள்ளி வெக்கப்போறாங்க?"

"நீ சும்மா இரு."

"நான் சும்மாதானுங்க இருக்கறேன். உங்க நரம்பு சும்மா இருக்கோணுமல்லொ."

காதுகுத்து மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயிலில். பெருந்துறை தாண்டிப் போக வேண்டும். காரை வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி, ரோட்டோரம் கதவைப் பிடித்துக்கொண்டு காலை ஆட்டினேன். சட்டைக்குள் பனியன்மேல் பெல்ட்டை இழுத்துக் கட்டியிருந்தேன். இறங்கி நடந்தபோது உடம்பு இடதுபக்கமாகச் சாய்ந்தே போனது. "என்னங்க மச்சான், ஒருபக்கமா நிக்கறீங்க" என்றார் மாப்பிள்ளை. "போட்டோவுக்கு இப்படித்தான் நல்லா வரும்" என்றேன்.

முதலில் மொட்டை. உட்கார்ந்த மூன்றாவது நிமிடமே வலி கிளம்பிவிட்டது. நாவிதர் பொறுமைசாலி. மூன்று வயதுத் தலையில் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று ஒவ்வொரு முடியாக விசாரித்துத்தான் எடுத்தார். நான் அவரை மனதுக்குள் என்னென்னவோ சொன்னேன் (பாவம், நல்ல மனிதர்). அந்த ஆல்பம் இப்போதும் இருக்கிறது. அதில் என் பல் மட்டும் சிரிக்கும், கண் உதவி கேட்கும்.

மொட்டை முடிந்து இரண்டு பேர் தோளைப் பிடித்துத்தான் எழுந்தேன். "கால் மரத்துப்போச்சு" என்று சமாளித்தேன். செந்தில் மெதுவாக அருகில் வந்தான்.

"அண்ணா, காது குத்தறதுக்கு நான் உக்காந்துக்கறனுங்க. உங்க மொகமே சரியில்லை."

"ஏன், எம்பட மடி தேஞ்சா போச்சு?"

அவன் பின்வாங்கிக்கொண்டான். அப்போதாவது நான் யோசித்திருக்கலாம்.

யாழினியைக் குளிப்பாட்டி, தலைக்குச் சந்தனம் பூசி, நான் எடுத்துக் கொடுத்த பட்டுப்பாவாடையைக் கட்டிக் கொண்டுவந்தார்கள். மேளம் நின்றது. காது குத்தும் ஆசாரி ஊசியைத் துடைத்தார். எல்லாரும் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மறுபடி சம்மணம் போட்டுத் தரையில் இறங்கினேன். பாதி இறங்கும்போது பெல்ட்டின் வெல்க்ரோ ஒட்டு பிரிந்தது. பிரிந்தால் பிரிந்துவிட்டுப் போகட்டும், அது 'பர்ர்ர்ர்' என்று ஒரு நீளமான சத்தத்தோடு பிரிந்தது.

கோயிலே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஆசாரி மரியாதையாக வேறுபக்கம் பார்த்துக்கொண்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா, "காத்தால சாப்பிட்டது ஒத்துக்கிலயாட்ட இருக்குதுங்க" என்று பக்கத்திலிருந்தவரிடம் அனுதாபத்தோடு சொன்னார். அது பெல்ட் என்று சொன்னால் முதுகு விஷயம் வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் அந்தப் பெயர். ஒரு நொடி யோசித்து, அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டேன். வயிற்றைத் தடவி லேசாகச் சிரிக்கவும் செய்தேன்.

"கண்ணு, பயப்படாத" என்றேன் யாழினியிடம். "எறும்பு கடிச்சாப்ல இருக்கும். மாமா இருக்கறன்ல."

அவள் பயப்படவே இல்லை. கையிலிருந்த லட்டில்தான் கவனம். ஆசாரி வலது காதில் குத்தித் தோட்டை மாட்டினார். அவள் முகம் சுருங்கியது. அழலாமா வேண்டாமா என்று யோசித்தாள். யோசித்தபடியே மடியில் புரண்டு, குதிகாலை என் வலது தொடையின் அடியில் ஊன்றி ஒரு உந்து உந்தினாள்.

அடுத்து அந்தக் கோயில் கேட்டது என் குரல். "ஐயோ அம்மா" என்பது மட்டும் தெளிவாக இருந்ததாம். மீதி எந்த மொழி என்று யாருக்கும் தெரியவில்லை. மேளக்காரர் ஏதோ ஆகிவிட்டது என்று படபடவென்று அடிக்க ஆரம்பித்தார். ஆசாரி கையிலிருந்த இரண்டாவது தோடு உருண்டு ஓடியது. யாழினி அழவில்லை. என் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். இவ்வளவு பெரிய மாமாவே இப்படிக் கத்துகிறார் என்றால் விஷயம் பெரிது என்று புரிந்துகொண்டாள். லட்டைப் போட்டுவிட்டு இடது காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, அதற்கப்புறம்தான் அழுதாள். அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடிவிட்டாள்.

நான் ஓட முடியாது. சம்மணம் கலையாமலே பக்கவாட்டில் சாய்ந்தேன். காலை நீட்ட வைத்தால் கத்துகிறேன் என்று செந்திலும் இன்னும் மூன்று பேரும் உட்கார்ந்த வாக்கிலேயே என்னைத் தூக்கிப்போய், சீர்த்தட்டு வைத்திருந்த ஜமக்காளத்தில் வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் நடுவில் வைத்தார்கள்.

"காது குத்துனது புள்ளைக்குங்களா, மாமனுக்குங்களா?" என்று தேவியின் மாமியார் கேட்டது எனக்கு நன்றாகவே கேட்டது.

அதற்குப்பிறகு யாழினியை யாராலும் அசைக்க முடியவில்லை. பொம்மை காட்டினார்கள், போனைக் கொடுத்தார்கள். செந்தில் தன் மடியில் வைத்துக் கெஞ்சினான். "மாமா கத்துனாரு. வலிக்கும்" என்பதே அவள் வாதம். பந்தி காத்திருந்தது. ஒற்றைத் தோட்டோடு காதுகுத்தை முடித்துக்கொண்டார்கள்.

தேவி என்னிடம் வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏனுங்ணா, பொய் சொன்னீங்க?"

"செந்தில் மடியில உக்காத்தி வெச்சா, உங்க ஊட்டுல உன்னைய என்ன நினைப்பாங்க? எனக்கு அது தாங்காது அம்மணி."

"மடிதானுங்ணா மாறும். அண்ணன் மாறிருவீங்களா?"

நான் அழுதுவிட்டேன். அடக்கவே முடியவில்லை. சுற்றி நின்றவர்கள் "பாவம், வலி தாங்கல" என்றார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் படுக்கை. பிறகு பிசியோதெரபி. தினமும் காலையில் தரையில் குப்புறப்படுத்துப் பாம்பு மாதிரி தலையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். ஆபரேஷன் இல்லாமலே வலி மெல்லக் குறைந்தது. முழுக்கப் போகவில்லை. அதிகம் ஆடினால் கால் பெருவிரலில் வந்து கூப்பிடும். யாழினி பத்து மாதம் ஒற்றைத் தோட்டோடு திரிந்தாள். காந்திபுரம் துணிக்கடையில் யாராவது "இன்னொரு தோடு எங்கே பாப்பா?" என்று கேட்டால், "மாமா கத்திட்டாரு" என்று விளக்கம் கொடுப்பாள். கேட்டவர்கள் என்னைப் பார்க்கும் பார்வையை நான் என்றும் மறக்கமாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததும் அவளுக்கே ஜிமிக்கி ஆசை வந்துவிட்டது. ஆசாரி வீட்டுக்குப் போனோம். செந்திலும் வந்திருந்தான். "யாரு மடியில உக்காந்துக்கற?" என்று தேவி கேட்டாள். செந்திலைப் பார்த்து, "நீ உக்காந்துக்கோ தம்பி" என்று நானே நகர்ந்து நின்றேன். யாழினி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தரதரவென்று இழுத்து வந்து என் முன்னால் போட்டாள்.

"மாமா, இதுல உக்காருங்க. கீழ வேண்டாம்."

உட்கார்ந்தேன். மடியில் ஏறினாள். என் இரண்டு கட்டைவிரலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆசாரியைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, கத்தறதுன்னா இப்பவே கத்திப்போடுங்க."

யாழினி இப்போது ஆறாவது படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் யாருக்கு ஊசி போட்டாலும், பல் பிடுங்கினாலும், இந்த வசனத்தை முதலில் யாராவது சொல்லியாக வேண்டும். போன மாதம் எனக்கு ரத்தப் பரிசோதனை. நர்ஸ் ஊசியோடு வந்ததும் கவிதா முகத்தில் சிரிப்பே இல்லாமல் அதைச் சொன்னாள். நர்ஸ் திருதிருவென்று விழித்தார். நான் அளவாக ஒருமுறை கத்திவிட்டுக் கையை நீட்டினேன்.