தொட்டி வைத்தியரும் பவளத்தின் துடுப்பும்

வாசகரே, மருத்துவக் கல்லூரி வாசலை மிதிக்காமலேயே வைத்தியராகிவிட்டவர்கள் ஊருக்கு நூறு பேர். அவர்களில் அன்பு மிகுந்தவர், ஆகவே ஆபத்தும் மிகுந்தவர், கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவர். தொட்டி வைத்தியர் என்று பெயர்.

நம்மவர் அலுவலகத்தில் வாயில்லாப் பூச்சி. வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றுமுன் தொட்டிக்கு முன்னால் நிற்பார். உள்ளே பவளம்: வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டுகளோடு நீந்தும் கோய் மீன். வெளியூர் வேலைக்குப் போன மகள், "அப்பா, இனிமே இதுகிட்ட பேசிக்கிட்டு இருங்க" என்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனது. அப்படிப்பட்ட பவளத்தின் துடுப்பு ஒருநாள் கிழிந்து தொங்கியது!

அழகுக்காக அவரே தொட்டிக்குள் வைத்த கற்கோட்டையின் கூர்முனை செய்த வேலை. துடித்துப்போனார். கோட்டையை வெளியே தூக்கித் தொட்டியின் காலடியில் தரையில் வைத்தார், தண்ணீரில் கொஞ்சம் மாற்றினார், மீனுக்கான உப்பை அளந்து கரைத்தார். அத்தனையும் சரியான வைத்தியம். அதோடு நின்றாரா?

நிற்பாரா! காலையில் பல் துலக்குமுன் வலையை விட்டுப் பவளத்தை அள்ளி, வெளிச்சத்தில் பிடித்து, கிழிசல் கூடியிருக்கிறதா என்று பார்ப்பார். மாலையில் வந்ததும் பார்ப்பார். படுக்கப்போகுமுன், மனசு கேட்காமல், இன்னொரு தரம் பார்ப்பார். பாவம் அது துள்ளித் துடித்து வலைக்கண்ணில் சிக்கி, கூடியதையும் கிழித்துக்கொள்ளும். உடனே அவர் கண் கலங்கும்.

"என்னங்க, அதைக் கொஞ்சம் விடுங்களேன். ஆற வேண்டாமா?" என்பாள் மனைவி.

"ஆறுதான்னு பார்க்க வேண்டாமா?"

"நீங்க பார்க்கிறதாலதான் ஆறலை."

"மகள் வந்து கேட்டா என்ன பதில் சொல்லுவேன்? உனக்கு மீனோட மனசு தெரியாது!"

"உங்க மனசு தெரியுதே, அதுவே எனக்குப் போதும்."

துடுப்பு நாளுக்கு நாள் குறுகியது. பவளம் தீனியைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் மூலையில் ஒதுங்கியது. ஒரு காலை, வலையிலிருந்து சொட்டிய தண்ணீரில் வைத்தியர் வழுக்கினார். விழுந்த கை எதன்மேல் ஊன்றியது என்கிறீர்கள்? அதே கற்கோட்டையின்மேல்!

உள்ளங்கையில் தையல். "கட்டைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்க்காதீங்க. தண்ணியில கை வைக்கவே கூடாது" என்றார் நிஜ டாக்டர்.

"நல்லா சொல்லுங்க டாக்டர், இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள் மனைவி.

வலை ஆணியில் தொங்கியது. மனைவி அவ்வப்போது தண்ணீரில் கொஞ்சம் மாற்றிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். வைத்தியர் நாற்காலியில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். செய்ய ஒன்றுமில்லாத அந்த நாட்களில்தான் ஒரு காலை, கிழிந்த விளிம்பில் கண்ணாடிபோல் மெல்லிய புதுத் துடுப்பு தளிர்த்திருந்ததைக் கண்டார். தேம்பித் தேம்பி அழுதார். பவளம் நிதானமாகத் தீனி தின்றது.

மகளிடமிருந்து போன் வந்தது. "பவளம் எப்படிப்பா இருக்கு?"

"என் வைத்தியத்துல பொழைச்சிடுச்சும்மா!"

சமையலறையில் பாத்திரம் ஒன்று சிரித்தது. போனை வைத்த கையோடு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, உள்ளங்கைக் கட்டின் ஓரத்தை மெதுவாகத் தூக்கிப் பார்த்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் சண்டை போட்டுச் சமாதானமான தம்பியிடம் மறுநாளே போய், "இன்னும் மனசுல வெச்சிருக்கியாடா?" என்று கிளறியது யார்? கையைக் கொஞ்சம் நீட்டுங்கள் பார்ப்போம். அதில் இருப்பது வலைதானே?