நம்மாளு பர்னாந்து

உலகத்திலேயே அதிகச் சொந்தக்காரர்கள் உள்ள மனிதர் யார் என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். அவருக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து சில வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். ராஜா மகாராஜாக்களுக்குக்கூட அவ்வளவு உறவு இருந்திருக்காது. இருந்தாலும் பாதிப் பேரோடு பேச்சுவார்த்தை இருந்திருக்காது. இவருக்கு ஒருத்தரோடும் மனஸ்தாபம் கிடையாது.

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ஸி ஆபீசில் நான் புதுக் குமாஸ்தா. அவர் வார்ஃப் கிளார்க். ஆபீசுக்கும் துறைமுகத்துக்கும் நடையாய் நடப்பதுதான் அவர் உத்தியோகம். அவருடைய ஞானஸ்நானப் பெயரை மேனேஜரே மறந்திருந்தார். ஊருக்கே அவர் ‘நம்மாளு’. பர்னாந்து என்ற பெயரை எங்கே கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்த வார்த்தைதான். “பர்னாந்தா? நம்மாளுல்லா.”

வெளியூர்க்காரர்களுக்கு இதில் உள்ள ஆபத்து புரியாது. அந்தக் கடற்கரையில் கல்லை விட்டெறிந்தால் ஒரு பர்னாந்து மேலேதான் விழும். ரொட்டிக்கடை வைத்திருப்பவர் பர்னாந்து, போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர் பர்னாந்து, ஐஸ் கம்பெனிக்காரர் பர்னாந்து. அந்தப் பெயரில் ஒரு சந்து உண்டு, மரக்கடை உண்டு, சவப்பெட்டிக் கடையும் உண்டு. போர்த்துக்கீசியர் காலத்தில் முன்னோர்கள் ஞானஸ்நானம் வாங்கியபோது வந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. அதற்காக எல்லாரும் ரத்த உறவு ஆகிவிட மாட்டார்கள். பர்னாந்து வீட்டுப் பெண்ணைப் பர்னாந்து வீட்டுப் பையன் தாராளமாகக் கட்டலாம், கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும், நம்மாளு ஒருவரைத் தவிர.

“அன்னைக்குக் கடக்கரையில எல்லாரையும் ஒண்ணா நிறுத்தி ஒரே தண்ணியத் தெளிச்சாங்க. ஒரே தண்ணியில பேரு வாங்குனவன் கூடப்பொறந்தவன் இல்லாம வேற யாருடே?” என்பார்.

என் சர்நேம் என்ன என்று முதல் நாளே விசாரித்தார். நான் தாமிரபரணிக் கரையில் வயல்காட்டுக் கிராமத்தில் பிறந்தவன். அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும்தான் இருக்கிறது என்றேன். ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படிக் காலந்தள்ளுவது என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். அன்றைக்கு எனக்கு டீயோடு ஒரு பன்னும் வாங்கிக் கொடுத்தார்.

அவரோடு கடைத்தெருவில் நடப்பது பெரும்பாடு. கடைக்குக் கடை குசலம் விசாரிப்பார். கடை பூட்டியிருந்தால் பலகையைப் பார்த்துத் தலையசைப்பார். ஒரு பர்னாந்து புதிதாகப் பல் ஆஸ்பத்திரி திறந்தபோது, வலியே இல்லாத வாயோடு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். டாக்டர் எவ்வளவோ எடுத்துச் சொல்லியிருக்கிறார். சொந்தக்காரன் தொழில் தொடங்கும் நாளில் சும்மா திரும்பக் கூடாது என்று அடம்பிடித்து, கல் மாதிரி இருந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். ஒரு வாரம் கன்னம் வீங்கிக் கிடந்தது. முகத்தில் அப்படியொரு திருப்தி.

கொழும்பிலிருந்து வந்த கப்பலில் ஓர் அதிகாரிக்குப் பெயர் பர்னாந்து என்று தெரிந்த நாளில் ஆபீசே ஆடிப்போனது. அவர் சிங்களவர், புத்தரைக் கும்பிடுகிறவர், தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. நம்மாளு அவரைக் கட்டிப்பிடித்து, வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் சீலா மீன் குழம்பு போட்டுவிட்டார். கப்பல் கிளம்பும் நேரமாகியும் ஆளைக் காணோம். கேப்டன் மேனேஜரைத் திட்ட, மேனேஜர் என்னைத் திட்ட, நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். அதிகாரி கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நம்மாளு பக்கத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார்.

“சத்தம் போடாத. சாமி வேற, ரத்தம் ஒண்ணு. பிள்ள இப்பத்தான் கண்ணசந்திருக்கு.”

பிள்ளைக்கு நாற்பது வயதாவது இருக்கும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாமல் போனது அவர் மகள் ரோஸ்லினின் கல்யாணத்தில்தான்.

தாயில்லாத ஒரே பெண். டீச்சர் வேலை பார்த்தாள். லாஞ்சுப் படகு ஓட்டும் மிக்கேல் என்பவரின் மகனுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்கள். மிக்கேலும் பர்னாந்துதான். மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடிக்குக் குடிவந்தவர். வழக்கம்போல் கோயிலில் ஓலை வாசித்தார்கள். அதாவது, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். யாரும் எதுவும் சொல்வதில்லை. இந்த முறை, சாமியாருக்கு உதவியாகக் கோயிலில் இருக்கும் உபதேசியார் சொல்லிவிட்டார்.

அவர் மேல் தப்பில்லை. முந்தின வருஷம் மிக்கேலின் அப்பா இறந்தபோது, நம்மாளு பெட்டியின் மேல் விழுந்து, ‘எங்கப்பாகூடப் பொறந்த பெரியப்பாவே’ என்று கதறியதை உபதேசியார் காதாரக் கேட்டிருக்கிறார். பெட்டிக்கு முன்னால் தோள் கொடுத்ததும், கல்லறையில் முதல் பிடி மண் போட்டதும் நம்மாளுதான். அந்தக் கணக்கில் மாப்பிள்ளையும் பெண்ணும் அண்ணன் தங்கச்சி முறை. கல்யாணம் செல்லாது.

பங்குச்சாமியார் புதியவர், கண்டிப்பானவர். அது வெறும் அழுகைதான், உறவு இல்லை என்று மிக்கேல் சொன்னதை ஏற்கவில்லை. நம்மாளுவைக் கூப்பிட்டு விசாரித்தார். நம்மாளு தூரத்துச் சொந்தம் என்று சொல்லிப் பார்த்தார். எவ்வளவு தூரம் என்று சாமியார் கேட்க, ஒரு நானூறு வருஷம் இருக்கும் என்றாராம். ஊருக்கு முன்னால் உறவு சொல்லி அழுதவர் ஊருக்கு முன்னால்தான் இல்லை என்று சொல்ல வேண்டும், மூன்றாவது ஓலைக்கு முன் கோயிலில் வேதபுத்தகத்தைத் தொட்டுச் சொன்னால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை என்று சாமியார் முடித்துவிட்டார்.

இரண்டே வார்த்தை. வேறு யாராக இருந்தாலும் நடந்துகொண்டே சொல்லியிருப்பார்கள். நம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. துறைமுகத்துக்குப் போகிறேன் என்று கிளம்பி, மணல்மேட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

“யேசுவத் தெரியாதுன்னு சீடரு ராயப்பர் மறுதலிச்சாருல்லா, அவருகூட ராத்திரியில நாலு பேருக்கு முன்னாலதான் சொன்னாரு. நான் மைக்கு வச்சு மறுதலிக்கணுமாம்டே” என்றார் என்னிடம்.

எனக்கு எரிச்சலாக வந்தது. பெண்ணின் வாழ்க்கையா, செத்துப்போன யாரோ ஒருவரா என்று கேட்டேன். யாரோ ஒருவர் என்று நான் சொன்னதற்காக அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. கடைசியில் ரோஸ்லின்தான் பேசினாள். நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். அவள் அழவில்லை.

“ஊருக்கெல்லாம் சொந்தக்காரரா இருந்துட்டீய. எனக்கு ஒரு நாள் அப்பாவா மட்டும் இருங்க.”

மூன்றாம் ஞாயிறு நான் கோயிலில் கடைசித் தூண் ஓரமாக நின்றேன். ஊரிலுள்ள பர்னாந்துகள் எல்லாரும் வந்திருந்தது போலிருந்தது. நம்மாளு கோட்டுப் போட்டுக்கொண்டு முன்னால் போய் வேதபுத்தகத்தின் மேல் கை வைத்தார்.  பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த மகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

“மிக்கேல் எனக்கு ரத்த சொந்தம் இல்ல. அவரு அப்பா எனக்குப் பெரியப்பா இல்ல.” கையைப் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. “நான் அழுதது மட்டும் நெசம், சாமி.”

அடுத்து மிக்கேல் வந்தார். அவரும் சொந்தம் இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை.

“அப்பா சாவும்போது நாங்க ஊருக்குப் புதுசு. பெட்டி தூக்க ஆளில்லாம வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். அப்ப, எங்க பெரியப்பா எங்கேன்னு கேட்டுட்டு இவரு வந்தாரு. அதுக்கப்புறந்தான் தெருவே வந்தது.”

 சாமியார் மூன்றாவது ஓலையை வாசித்தார். தடை என்று யாரும் வாய் திறக்கவில்லை.

பூசை முடிந்து எல்லாரும் நம்மாளுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

“ஒருத்தர இல்லேன்னு சொல்லிட்டேனேடே” என்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

எனக்கு ஆற்றங்கரையில் ஊர் கொள்ளாத ரத்த சொந்தம் உண்டு. என்னை இல்லை என்று சொல்லிவிட்டு இப்படி அழக்கூடியவர் அதில் ஒருத்தர்கூடக் கிடையாது.