கரண்டி பிடிக்க வேண்டிய ராஜா

உலகத்தைச் சுற்றி ஓடும் பெருநீராகிய ஓக்கியானோஸ் அண்ணனுக்கு, தம்பி குரோனோஸ் பணிந்து எழுதுவது. தீவில் நான் சுகம். அங்கே அண்ணியும் மூவாயிரம் பெண்பிள்ளைகளும் சுகமா?

என் மகன் ஸீயஸ் என்னைச் சிம்மாசனத்திலிருந்து தள்ளியதில் எனக்கு இப்போது வருத்தமே இல்லை. நானும் நம் அப்பாவை அப்படித்தானே தள்ளினேன்? தவிர, பெற்ற பிள்ளைகளைப் பிறந்த கையோடு விழுங்கியவன் நியாயம் பேசக் கூடாது. செத்துப்போன வீரர்கள் வாழும் இந்தத் தீவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான் மகன். வருஷத்துக்கு மூன்று அறுவடை, கூடை கூடையாக அத்திப்பழம். பதவி ஆசையே விட்டுப்போயிற்று அண்ணா.

போன வாரம் என் பெயரில் நடக்கும் அறுவடைத் திருவிழா. அன்று வேலைக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிட, எஜமானர்கள் பரிமாற வேண்டும் அல்லவா? இருநூறு பேர் உட்கார்ந்துவிட்டார்கள், அண்டா நிறையப் பருப்புக் கஞ்சி கொதிக்கிறது, நான் இடுப்பில் துணியைக் கட்டுகிறேன், அந்த நேரம் பார்த்து, அப்பன் ஏதும் சதி செய்கிறானா என்று வேவு பார்க்க ஸீயஸே வந்து இறங்கிவிட்டான். சமையல்காரி மிர்ரினே விடுவாளா?

"ரெண்டு எஜமான் நின்னா எப்படி? யாரு பெரிய ராஜாவோ அவரு கரண்டியைப் பிடிங்க!"

ஸீயஸ் அண்டாவை எட்டிப் பார்த்தான். "நீங்கதாம்ப்பா ராஜா."

"நான் எங்கடா ராஜா? பத்து வருஷம் சண்டை போட்டு ஜெயிச்சது நீ. இந்தா, பிடி."

"அதெல்லாம் பழைய கதைப்பா."

"இடி மின்னல் யார் கையில இருக்கு?"

மின்னலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"கஞ்சி ஆறுது! யாராவது ஒருத்தர் சத்தியம் பண்ணித் தொலைங்க," என்றாள் மிர்ரினே.

"ஸ்டிக்ஸ் ஆத்து மேல சத்தியம்! வானம், பூமி எல்லாத்துக்கும் எங்கப்பாதான் ராஜா!" என்று கத்திவிட்டு, மாடு மேய்ப்பவர்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டான்.

நான்தான் பரிமாறினேன். மூன்று கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நான் விழுங்காமல் தப்பிய கடைசிப் பிள்ளை என் கையால் சாப்பிட்டது இதுதான் முதல் தடவை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி எனக்கு வேறென்ன வேண்டும்?

உங்கள் நீர் என்றும் வற்றாதிருக்கட்டும். அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகள் அத்தனை பேருக்கும் என் ஆசி.

அன்புத் தம்பி,
குரோனோஸ்

பி.கு.: ஸ்டிக்ஸ் உங்கள் மூத்த பெண்தானே? அவள் தண்ணீர்மேல் செய்த சத்தியத்தைத் தேவர்கள் யாராலும் மீற முடியாதே. திருவிழாவன்று செய்ததும் செல்லும்தானே என்று அவளிடம் கேட்டு உடனே எழுதுங்கள். மூட்டை கட்டியாயிற்று, படகில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.