கமலாம்பிகை அம்மாவின் பெட்டி ஏறாத பிளேன்

மில்லிக்கன், ரொறன்ரோ
கார்த்திகை 1996

மதிப்புக்குரிய லண்டன் மச்சான் இராஜரட்ணம் அவர்களுக்கு,

தில்லையம்பலம் எழுதிக்கொள்வது. நல்லூர்க் கந்தன் புண்ணியத்தில் நானும் உமது தங்கையும் மகள் கஜனியும் நல்ல சுகம். நீரும் வீட்டாரும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறோம்.

சுகம் விசாரித்தாயிற்று, இனி விஷயம். "பொம்பிளைப் பிள்ளை பிளேன் ஓடினால் ஆர் கட்டுவான்?" என்று போன வருஷம் ரெலிபோனில் கேட்டீரல்லவா? கதிரையில் இருந்து வாசியும், பதில் வருகிறது.

கஜனி பிளேன் ஓடுவது ஒரு சின்னக் கொம்பனிக்கு. ரோட்டே போகாத வடக்குக் கிராமங்களுக்கு ஆட்களையும் பாலையும் மருந்தையும் கொண்டுபோய் இறக்குவதுதான் அவர்களின் தொழில். அப்படி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் எங்கட தமிழ்ப் பெடியன் ராகுலன் படிப்பிக்கிறான். சம்பந்தம் பேசினோம். தாய் கமலாம்பிகை அம்மா, "மகனைப் பார்க்கப் போறன், பிள்ளையையும் பிளேனிலையே பார்த்துச் சொல்லுறன்" என்றா. துணைக்கு நானும் வெளிக்கிட்டேன். ஒரு பகல் முழுக்கக் கார் ஓடி, பிளேன் ஏறும் ரவுனுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

விதியைப் பாரும். கவுண்டரில் நின்ற வெள்ளைக்காரப் பிள்ளை என் எடையைக் கேட்டாள். சின்னப் பிளேன், ஆளையும் பெட்டியையும் கூட்டிப் பார்த்துத்தான் ஏற்றுவார்களாம். பின்னால் கமலாம்பிகை அம்மா காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறா. நூற்றிருபது இறாத்தல் என்று உண்மையைச் சொன்னால், "மகள் உழைக்கிறாள், தேப்பன் காய்ஞ்சுபோய்க் கிடக்கிறார்" என்று ஸ்காபரோ முழுக்கச் சொல்லித் திரிய மாட்டாவோ? நெஞ்சை நிமிர்த்தி "இருநூறு" என்றேன். இரண்டு ஓவர்கோட்டும் மூன்று சுவெற்றரும் போட்டிருந்தபடியால் அவளும் நம்பிவிட்டாள், கமலாம்பிகை அம்மாவும் 'நல்ல சுகதேகி' எண்ட மாதிரித் தலையாட்டினா, எனக்கெண்டால் சந்தோசம் தாங்கேலாத புழுகம், அந்தப் புழுகம் கனநேரம் நிக்கேல்லை மச்சான், பாரம் கூடிப்போச்சாம், ஒரு பெட்டியை இறக்க வேணுமாம், இறக்கினது ஆற்றை பெட்டி? கமலாம்பிகை அம்மான்ரை! மகனுக்குக் கொண்டுவந்த மிளகாய்த்தூள், ஒடியல்மா, பருத்தித்துறை வடை எல்லாம் அதுக்குள்ளை. மனிசி கத்தின கத்திலை கஜனியே தொப்பியோடை இறங்கி வந்தாள்.

"அன்ரி, பெட்டி நாளைக்குத்தான் வரும்."

"பிள்ளை, நான் ஆரெண்டு தெரியுமோ?"

"தெரியும் அன்ரி, ராகுலன்ரை அம்மா. அதுக்காகப் பிளேன் கூடுதலாப் பாரம் தூக்காது."

"அப்ப நான் வரேல்லை!"

"நீங்கள் நிண்டால் பெட்டி போகும். எதை ஏத்திறது எண்டு சொல்லுங்கோ."

நான் கண்ணை மூடிட்டன். சம்பந்தம் அவ்வளவுதான். உண்மையைச் சொல்ல நாக்கு நுனிவரைக்கும் வந்தது, மானம் விடேல்லை. மனிசி முணுமுணுத்துக்கொண்டு ஏறினா. மேலே போனால் காத்து எங்களைத் தூக்கித் தூக்கிக் குத்துது. அம்மா "முருகா, முருகா" எண்டு என்ரை ஓவர்கோட்டைப் பிடிக்க, நான் அவவின்ரை கதிரையைப் பிடிச்சுக்கொண்டிருந்தன். கீழே பார்த்தால் பனியைத் தவிர ஒண்டுமில்லை. கஜனி அந்தப் பனியிலை பிளேனைப் பூப்போல இறக்கினாள். என்ரை பிள்ளை, மச்சான்! நான் அழுதிட்டன், வெட்கமில்லாமல் சொல்லுறன்.

கமலாம்பிகை அம்மா இறங்கி, கஜனியின் கன்னத்தைத் தடவி, "எனக்கே ஏலாதெண்டு சொல்ல ஒருத்தி இருக்கிறாளே! இவள்தான் என்ரை மருமகள்" என்றா. தை மாதம் கலியாணம். ஆர் கட்டுவான் எண்டு கேட்டீரே? இப்பவே கோட்டும் ரையும் வாங்கி வையும்.

உமது வீட்டில் சகல மங்களமும் பெருக, உமது வாய் கொஞ்சம் அடங்க, எல்லாம் வல்ல முருகனை வேண்டும்,
தில்லையம்பலம்

பி.கு.: கவரை ஒட்டப் போகையில் கஜனி வந்து வாசித்துவிட்டு, "அப்பா, என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றாள். அங்கே இறங்கியதும் ராகுலன் அவளிடம், "கலியாணத்துக்குப் பிறகு உந்த வேலையை விட்டிடலாம்தானே?" என்றானாம். "நீ என்ன சொன்னனி?" என்று கேட்டேன். "திரும்பிப் போக நேரமாச்சு எண்டிட்டு ஏறிட்டன்" என்றாள். கமலாம்பிகை அம்மாவுக்கு நானே ரெலிபோன் எடுத்து, சரிவராது என்று சொல்லிவிட்டேன். ஆகவே மச்சான், தை மாதக் கலியாணம் என்ற வரியை வெட்டிவிட்டு வாசியும். பிள்ளை பிளேன் ஓடுகிறாள் என்பதை மட்டும் தொடாதேயும்.