அறுநூறு கெஜத்து வேட்டைக்காரர்

எட்டத்து வேட்டைக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. அறுநூறு கெஜத்துக்கு அப்பால் நிற்கும் மானை இங்கிருந்தே சுட்டு வீழ்த்துவதுதான் அவர்கள் லட்சியம். அமெரிக்காவில் எங்கள் மான்டானா மாநிலத்தில் வேலிக்கு ஒருவர் கிடைப்பார். மற்ற வேட்டைக்காரர்கள் சீசன் தொடங்கியதும் கடைக்குப் போய் ஒரு பெட்டி தோட்டா வாங்கி, மலைக்குப் போய் மானைச் சுட்டு, வீட்டுக்கு வந்து வறுத்துத் தின்றுவிட்டுத் தூங்கிவிடுவார்கள். இவர் அப்படியல்ல. இவர் தயாராகிறார். பனி உருகுமுன் தொடங்கி மறுபடி பனி விழும்வரை தயாராகிறார். "சௌக்கியமா?" என்று கேட்டுப் பாருங்கள், "மேற்கிலிருந்து எட்டு மைல் வேகம்" என்று காற்றின் நலத்தைச் சொல்வார்.

இந்த இனத்தில் உயர்ந்த ரகம் என் தம்பி ஆரின். கூடப் பிறந்தவன் என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு தோட்டாவுக்காக அவன் படும் பாட்டை வேறு யாராவது பட்டிருந்தால் காட்டுங்கள், அவரையும் பாராட்டுகிறேன்.

கடைத் தோட்டாவை அவன் கையால் தொடமாட்டான். சுட்டுப்போட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, உலர்த்தி, மெருகேற்றி, கழுத்தைச் சமமாக அறுத்து, ஒவ்வொன்றாக எடை போட்டு, எடை ஒத்தவற்றை ஒரு குடும்பமாகவும் ஒவ்வாதவற்றை ஒன்றுவிட்ட உறவாகவும் பிரித்து வைத்து, அதற்கப்புறம்தான் வெடிமருந்து. அந்த மருந்தை நிறுக்கும் தராசு சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. தோட்டா அழுத்தும் கருவியையும் அதே மேசையில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறான். வீட்டிலேயே ஆடாத மேசை அது ஒன்றுதானாம். ஒரு துகள் கூடினாலும் அறுநூறு கெஜத்தில் குண்டு திசை மாறிவிடும், எனவே தராசு நடுங்கக் கூடாது. தராசு நடுங்கக் கூடாது, எனவே ஹீட்டர் ஓடக் கூடாது. ஹீட்டர் ஓடவில்லை, எனவே அவன் மனைவி வெர்னா கம்பளிக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு அந்த மேசையின் மூலையில் உட்கார்ந்து சூப் குடிப்பாள்.

"ஊதாதே!"

"சூப் கொதிக்குதுய்யா."

"தானா ஆறட்டும். மருந்து பறந்துடும்."

குடித்தனம் எப்படி நடக்கிறது என்று கேட்கிறீர்களா? நடக்கவில்லை. நடந்தால் தராசு ஆடும்.

சரி, இவ்வளவு தயாரானவனின் ஃப்ரீசரில் என்ன இருக்க வேண்டும்? மான் இறைச்சி. என்ன இருந்தது? தோட்டா. குளிரில் மருந்து மந்தமாகிறதா என்று சோதிக்கிறானாம்.

போன சீசன் தொடங்கிய அன்று வெர்னா தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசினாள்.

"இங்க பாரு ஆரின். மூணு வருஷமா பித்தளையத்தான் ஃப்ரீசர்ல அடுக்கி வெச்சிருக்கோம். இந்தத் தடவை மான் வரணும். வரலேன்னா, கடைசி நாள் சாயங்காலம் ஸ்பானரோட வாசல்ல நிப்பேன். மேசை எனக்கு."

"மேசையா? அதுலதானே எல்லாம் அளவா உக்காந்திருக்கு!"

"நானும் அதுலதான் உக்காரணும்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. துப்பாக்கியைக் கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருப்பான்.

அந்தச் சீசனும் காற்று சரியில்லை, வெளிச்சம் சரியில்லை என்றே கழிந்து, கடைசி நாள் வந்தது. நான்தான் டிரக் ஓட்டினேன். ஸ்டியரிங் பிடித்தால் அவன் சுடும் விரல் களைத்துவிடும். மேட்டில் ஏறிப் பார்த்தால், எதிர்ச் சரிவில் அருமையான கலைமான். அளந்தான். சரியாக அறுநூறு கெஜம்! கண்ணில் நீர் வராத குறை. மணல் மூட்டையைப் போட்டு, குப்புறப் படுத்து, காற்றை அளந்து, குளிரை அளந்து, சரிவை அளந்து, துப்பாக்கி மேலிருக்கும் தூரக்கண்ணாடியான ஸ்கோப்பின் தலையிலுள்ள திருகை அறுநூறுக்குத் திருப்பினான். தூரம் போகப் போகக் குண்டு கீழே இறங்குமாம்; அதைத் திருப்பினால் அதற்கு ஈடாகக் குண்டு உயரே கிளம்பும்.

"சுடுடா."

"காத்து நிக்கட்டும்க்கா."

"நின்னாச்சே."

"இங்க நின்னுடுச்சு. அங்க?"

மான் மேய்ந்தது. படுத்தது. எழுந்து சோம்பல் முறித்து, மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

நான் பெருமூச்சு விட்டுக் குனிந்தால், எங்களுக்குக் கீழேயே இன்னொன்று! மிஞ்சினால் நூற்றிருபது கெஜம்.

"டேய், கீழ பாரு!"

"ஒரே முடியாத் தெரியுதுக்கா! இது முன்பக்கமா பின்பக்கமா?"

ஸ்கோப்பில் உருவத்தைச் சிறிதாக்கினான், குறி பார்த்தான், சுட்டான். குண்டு மானின் முதுகுக்கு மேலே போய்ப் பின்மேட்டில் புழுதி கிளப்பியது. ஏதோ பறவை போகிறது என்று மான் நிமிர்ந்து பார்த்தது. மறுபடி சுட்டான். அதே இடத்தில் புழுதி. மான் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பியது.

"மருந்துலதான் ஏதோ கோளாறு."

"திருகைப் பாருடா."

பார்த்தான். இந்த இனத்தார் அதை ஏற்ற மறப்பதில்லை, இறக்க நினைப்பதில்லை.

"அறுநூறுக்குக் கச்சிதமாத்தான் வெச்சிருக்கேன்" என்றான்.

அதுவும் உண்மைதான். அந்த மேட்டுக்கு நடந்து போய்ப் பார்த்தேன். இரண்டு துளையையும் ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம். எத்தனை பேரால் இவ்வளவு துல்லியமாகத் தவறவிட முடியும்?

மேசை போயிற்று என்ற துக்கத்தோடு அவன் டிரக்கில் ஏற, வீட்டுக்குக் கிளம்பினோம். இருட்டத் தொடங்கிய நேரம், வளைவில் திரும்பினேன். டொம்! ஒரு விளக்கு போயிற்று. இறங்கிப் பார்த்தால் டிரக்கின் முன்னால் கொழுத்த மான் ஒன்று செத்துக் கிடக்கிறது. எங்கள் மாநிலத்தில் அப்படி அடிபட்டதை அரசாங்கத்துக்குத் தெரிவித்து அனுமதி வாங்கிக்கொண்டு வைத்துக்கொள்ளலாம். தெரிவித்தோம், வாங்கினோம், ஏற்றினோம்.

வாசலில் வெர்னா, கையில் ஸ்பானர்.

"மானா?"

"மான்தான்."

"நீ சுட்டியா?"

அவன் வானத்தைப் பார்த்தான். அவள் நெளிந்த பம்பரைப் பார்த்தாள், அதில் ஒட்டிய முடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மான் வரணும்னுதானே சொன்னேன்" என்று ஸ்பானரைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். "போ, ஃப்ரீசர்ல இடம் பண்ணு."

மேசை பிழைத்தது. அடுத்த ஞாயிறு தேவாலய விருந்தில் எல்லோரும் அந்த இறைச்சியைத்தான் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள்.

"ஆரின், எவ்ளோ தூரம்ப்பா?" என்றார் ஒருவர்.

"பதினாறு மைல்" என்றான், கண் இமைக்காமல். எங்கள் வீட்டிலிருந்து அந்த வளைவு அவ்வளவு தூரம்தான். கேட்டவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்கள். நல்லது. ஓடப் போகிறேன் என்று ஆறு மாதம் ஷூ, சாக்ஸ், முழங்கால் தைலம் என்று விசாரித்து இன்னும் தெருமுனையைத் தாண்டாதவர் யார்? இதைப் படிக்க உட்காருமுன் கண்ணாடியைத் துடைத்து, விளக்கைத் திருப்பி, நாற்காலியை எத்தனை முறை நகர்த்தினீர்கள்? வேண்டாம், யோசிக்காதீர்கள். சரியான எண்ணிக்கை ஞாபகம் வந்துவிட்டால், நீங்களும் அந்த இனம்தான்.