துணிக்கயிறும் அனுமதி பெற்ற போராட்டமும்

டெக்சாஸ், ஃபிரிஸ்கோ நகரத்தில் ஓல்ட் மேப்பிள் லேக் என்றொரு குடியிருப்பு. அங்கே மேப்பிளும் கிடையாது, ஏரியும் கிடையாது. வீட்டுக்காரர்கள் சங்கம் மட்டும் உண்டு. முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று கண்காணிப்பதே அதன் தலையாய கடமை.

அந்தச் சங்கத்திலிருந்து பர்வதத்துக்கு ஒரு கடிதம் வந்தது. கராஜுக்கும் வேலிக்கும் நடுவில் அவள் கட்டியிருந்த துணிக்கயிறு தெருவிலிருந்து தெரிகிறதாம். அதில் தொங்கிய சுங்குடிச் சேலை பார்வைக்கு இடையூறு விளைவிக்கிறதாம். சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் அவிழ்க்காவிட்டால் சங்கமே வந்து அவிழ்க்கும்.

டிரையரில் காய்ந்த துணி பட்டால் பர்வதத்துக்கு முதுகெல்லாம் அரிக்கும். வெயில் படாதது துணியே இல்லை என்பது அவள் கட்சி.

"கழட்டிடு பர்வதம். க்ரீன் கார்டு பெண்டிங்ல இருக்கு," என்றார் கணவர் ஜம்புநாதன்.

"கயிறுக்கும் க்ரீன் கார்டுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"இருக்கா இல்லையான்னு நாம டெஸ்ட் பண்ணிப் பாக்க வேணாம்."

மறுநாள் சங்கத்திலிருந்தே இன்னொரு கடிதம். அறுபது வருஷத்துக்கு முன்னால் இந்த நாட்டு இளைஞர்கள் எந்த விதிக்கும் கட்டுப்படாமல் வீதியில் இறங்கினார்களே, அவர்களைக் கௌரவித்து அதே சனிக்கிழமை 'போராட்ட நாள்' கொண்டாடப்படும். கீழ்க்கண்ட விதிகளுக்கு எல்லோரும் கட்டாயம் கட்டுப்பட வேண்டும். போராட்டம் பத்து மணி முதல் பதினொன்றேகால் வரை. அதற்குமேல் புல்லுக்குத் தண்ணீர் திறக்கப்படும். முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த உடை அவசியம். சிறந்த போராட்டத்துக்கு நடுவர் குழு பரிசு தரும். அனுமதிக்கப்பட்ட கோஷங்கள் மூன்று: அன்பு, அமைதி, பூ.

பர்வதம் கடிதத்தை எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு நடந்தாள். செயலாளர் குமாரசாமி கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர். கோயிலில் பார்த்தால் "அக்கா" என்பார், அலுவலகத்தில் "மேடம்".

"கயிறு விஷயமா எதிர்ப்பு தெரிவிக்கணுங்க," என்றாள்.

"நிஜ எதிர்ப்பா, நடிப்பு எதிர்ப்பாங்க மேடம்?"

"நிஜந்தான்."

"நிஜ எதிர்ப்புக்கு ஃபார்ம் கிடையாதுங்களே. நடிப்புக்குத்தான் இருக்கு."

"சரி, அதையே குடுங்க."

கோஷம் என்ற இடத்தில் 'என் கயிற்றை விடு' என்று எழுதிக் கொடுத்தாள். குமாரசாமி தலையை ஆட்டினார். "லிஸ்ட்ல இல்லீங்களே."

"அந்தக் காலத்துல கத்துனவங்க எல்லாம் லிஸ்ட் பாத்தா கத்துனாங்க?"

"பாக்கலீங்க. அதனாலதான் போலீஸ் இழுத்துட்டுப் போச்சு."

பர்வதம் அதை அடித்துவிட்டுப் 'பூ' என்று எழுதினாள். அனுமதி கிடைத்தது.

சனிக்கிழமை தெருவே சாயப்பட்டறை மாதிரி இருந்தது. எல்லோரும் இணையத்தில் வாங்கிய உடை. பர்வதம் மட்டும் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த சுங்குடியை எடுத்துக் கட்டிக்கொண்டு, கயிற்றடியில் ஜமுக்காளம் விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எவன் வந்து அவிழ்க்கிறான் பார்ப்போம் என்பதே அவள் எண்ணம். மகள் கயல் ஜன்னல் வழியே, "அம்மா, ப்ளீஸ், மை ஃப்ரெண்ட்ஸ் ஆர் கமிங்!" என்று கெஞ்சினாள். பர்வதம் அசையவில்லை.

நடுவர் குழு வந்தது. சங்கத் தலைவி டார்லீனுக்கு எழுபத்தெட்டு வயது; தலையில் காகிதப்பூ வளையம். லெமனேட் நீட்டினார்.

"வேண்டாம். இன்னிக்குச் சஷ்டி விரதம்," என்றாள் பர்வதம்.

"உண்ணாவிரதம் இருக்காங்களாம்," என்று மொழிபெயர்த்தார் குமாரசாமி.

டார்லீனுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்தொன்பது வயதில் சான்ஃபிரான்சிஸ்கோவில் தானும் இப்படித்தான் தரையில் உட்கார்ந்ததாகவும், நாலு போலீஸ்காரர்கள் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப்போனதாகவும் சொல்லி மூக்கைச் சிந்தினார். துணிக்கயிறு விதியை எழுதியவரும் அவர்தான். முதல் பரிசு பர்வதத்துக்கு என்று அங்கேயே அறிவித்தார். ஊரே கைதட்டியது.

சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் குமாரசாமி கத்தரியை எடுத்தார்.

"பரிசு குடுத்தீங்களே!"

"பரிசு விழாக் கமிட்டிங்க மேடம். கயிறு பராமரிப்புக் கமிட்டி."

கயிறு வீணாகவில்லை. கிளப் ஹவுஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கீழே 'உரிமைப் போராட்டத்தின் சின்னம், தொடாதீர்கள்' என்று எழுதினார்கள். முதல் பரிசு என்ன என்று பிறகுதான் தெரிந்தது: பராமரிப்புக் கமிட்டியில் ஓராண்டு உறுப்பினர் பதவி. க்ரீன் கார்டுக்கு நல்லது என்றார் ஜம்புநாதன். உள்ளே போய் விதியை மாற்றிவிடலாம் என்று பர்வதமும் ஒத்துக்கொண்டாள்.

கழுத்தில் அடையாள அட்டை, கையில் தாள் செருகிய அட்டைப்பலகை. முதல் மாதம் புல்லின் உயரம் அளந்தாள். இரண்டாம் மாதம் குப்பைத்தொட்டிகளின் மூடியைச் சரிபார்த்தாள். கயிறு விதி அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. பிறகு அதற்கடுத்த கூட்டத்துக்கு. மூன்றாம் மாதம், நாலு வீடு தள்ளி ராஜலக்ஷ்மி டிரைவ்வேயில் வேட்டி விரித்து வடாம் காயவைத்திருந்தது பர்வதத்தின் கண்ணில் பட்டது. கடிதம் போயிற்று.

ராஜலக்ஷ்மி, பர்வதம் உட்கார்ந்திருந்த சங்க அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். "என்னக்கா இது, நீங்களேவா? போன மாசம் பொரிச்சுச் சாப்பிட்டுட்டு நல்லாருக்குன்னீங்களே! நான் எதிர்ப்பு தெரிவிக்கணும். ஃபார்ம் குடுங்க."

பர்வதம் அட்டைப்பலகையின் முனையை முதுகுப்பக்கம் விட்டு நன்றாகச் சொறிந்துகொண்டாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நிஜ எதிர்ப்பா, நடிப்பு எதிர்ப்பாங்க மேடம்?"