என் வீட்டுக் குழாய்க்கு வந்த துரு

இந்த வருஷம் என் மச்சினன் எங்கள் வீட்டுக்கு வரக் கூடாது என்று முடிவு செய்தேன். என் முடிவுகளெல்லாம் குளியலறையில் எடுக்கப்படுபவை. தலை துவட்டி வெளியே வருவதற்குள் பாதி மறந்துவிடும், மீதியை மனைவி மாற்றிவிடுவாள். இது மட்டும் சட்டை போட்ட பிறகும் நினைவிருந்தது என்றால் எவ்வளவு உறுதியான முடிவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மச்சினன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் ஒரு சண்டையோடு விஷயம் முடிந்திருக்கும். அவன் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அக்கா மேல் அவனுக்கு உயிர். அத்தான் மேல் அதைவிட உயிர். பள்ளி விடுமுறை விட்டதும் ஒரு மாதம் எங்களோடு தங்கி, என் தொப்பையைக் கரைத்தே தீருவது என்று ஒவ்வொரு வருஷமும் கங்கணம் கட்டிக்கொண்டு வருவான். விடிவதற்கு முன்னால் என் போர்வையை உருவி மடித்து வைத்துவிடுவான். அப்புறம் தெருவைச் சுற்றி ஓட்டம். நான் ஓடுவேன், அவன் பின்னால் விசில் ஊதுவான். போன வருஷம் எங்கள் தெரு நாய் கொஞ்ச தூரம் குரைத்துக்கொண்டே துரத்திவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் பரிதாபப்பட்டுத் திரும்பிப் போய்விட்டது.

நானோ வருஷம் முழுக்க ஒரு காப்பீட்டுக் கம்பெனியில், நஷ்டஈடு கேட்டு வருகிறவர்கள் சொல்வதில் எது பொய் என்று கண்டுபிடிக்கிற வேலை பார்த்துவிட்டு, சேர்த்து வைத்த லீவில் ஒரு மாதம் படுக்க ஆசைப்படுகிறவன். வேறு பேராசை கிடையாது. கொஞ்ச நேரம் இடது பக்கம், கொஞ்ச நேரம் வலது பக்கம், சலிப்புத் தட்டினால் மல்லாக்க. இந்த நியாயமான ஆசைக்கு நடுவில்தான் அந்த விசில்.

"வராதே" என்று நேராகச் சொல்ல முடியாது. சொன்னால் நான்தான் வெளியே போக வேண்டியிருக்கும். அவனே வராமல் நிற்க வேண்டும். விருந்தாளி எந்த வீட்டுக்கு வரமாட்டான்? தண்ணீர் வராத வீட்டுக்கு. எங்கள் வீடு கட்டி நாற்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். சுவருக்குள் ஓடுவது அந்தக் காலத்து இரும்புக் குழாய். பழியைத் தூக்கி அதன் தலையில் போட்டுவிட்டால் அது வாய் திறந்து மறுக்கப் போவதில்லை.

பொய்யானாலும் ஆதாரத்தோடு சொல்லிப் பழகியவர்களையே தினமும் பார்க்கிறவன் நான். எனவே நேராகக் குழாய் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் சலிக்காமல் விளக்கினார். இரும்புக் குழாயின் மேல் துத்தநாகம் பூசியிருப்பார்களாம். அந்தப் பூச்சு போனதும் உள்ளே துரு ஏறி, துவாரம் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கொண்டே வருமாம். காலையில் முதல் தண்ணீர் பழுப்பாக வந்தாலோ, அழுத்தம் குறைந்து குழாய் அழுதாலோ, ஒரு இணைப்பை அடைத்தால் அடுத்தது கசிந்தாலோ, ஒட்டுப்போட்டுக் காலம் தள்ளாமல் முழுசாக மாற்றிவிட வேண்டுமாம். ஈயக் குழாயாக இருந்தால் யோசிக்கவே கூடாது, அது தண்ணீரோடு விஷத்தையும் சேர்த்துக் கொடுக்கும். செம்பு நல்ல சரக்கு, பச்சை பூத்த இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் குழாய் பச்சைத் தண்ணீருக்கு மட்டும், வெந்நீர் ஓடினால் இளகிவிடும். வெந்நீருக்கென்று தனி ரகம் உண்டு. நான் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு, கௌரவத்துக்கு ஒரு வாஷர் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை, மனைவி எழுவதற்கு முன், மீந்திருந்த டீயைக் குளியலறை வாளியில் கலந்தேன். அருமையான பழுப்பு. பிறகு, கொள்ளை போன வீட்டுக்காரனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன்.

அவள் வந்தாள். வாளியைப் பார்த்தாள். குனிந்து மோந்தாள்.

"என்னங்க இது?"

"துரு."

"ஏலக்காய் வாசனை வருதே."

"பழைய இரும்பு அப்படித்தான் மணக்கும்."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். நான் வாளியைப் பார்த்தேன். பிறகு கடைக்காரர் சொன்னதையெல்லாம், இரும்பில் ஆரம்பித்து ஈயம், செம்பு, பிளாஸ்டிக் வரை, மூச்சு விடாமல் அளந்துவிட்டேன். ஒட்டுப்போட்டால் பக்கத்தில் உடையும் என்றேன். சுவரை உடைத்து எல்லாவற்றையும் பிடுங்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை என்றேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல அக்கறையாகக் கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து நான் பேசி அவள் இவ்வளவு நேரம் குறுக்கிடாமல் கேட்டதே இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குப் பெருமைதான் வந்தது.

"சுவருக்குள்ள இருக்கறது இரும்புதான்னு எப்படிங்க தெரியும்?"

"காந்தம் வெச்சுப் பார்த்தேன். இரும்புன்னா ஒட்டும், மத்ததுல ஒட்டாது."

"ஒட்டுச்சா?"

"பிடிச்ச பிடியில திரும்ப எடுக்கவே வரல. ரெண்டு கையால இழுத்தேன்."

உண்மையில் எங்கள் வீட்டில் காந்தமே கிடையாது.

"அப்ப மாத்திர வேண்டியதுதான்," என்றாள். "எத்தனை நாள் தண்ணி இருக்காது?"

"ஒரு மாசம். குறைஞ்சது."

"ஐயையோ, தம்பி வர்றேன்னானே."

"அடடா, ஆமால்ல. பாவம். நீ இப்பவே சொல்லிரு."

அவள் அந்த நிமிஷமே தம்பியைக் கூப்பிட்டு, துருவைப் பற்றி நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். நான் அடுத்த அறையில் நின்று ஒட்டுக்கேட்டேன். "நீ இங்க வர வேணாம்டா" என்ற வாக்கியம் காதில் விழுந்ததும், கட்டிலில் போய் விழுந்தேன். முதலில் இடது பக்கம். அப்படி ஒரு தூக்கத்தை நான் குழந்தையாக இருந்தபோதுகூடத் தூங்கியதில்லை. அவள் அதற்குப் பிறகும் வெகுநேரம் போனில் பேசிக்கொண்டிருந்தாளாம். அதைக் கேட்காமல் தூங்கியது என் தப்பு.

எழுந்தபோது கட்டில் பக்கத்தில் என் பெட்டி தயாராக இருந்தது. அதன் பக்கத்தில் மச்சினன் தயாராக இருந்தான்.

"கிளம்புங்க அத்தான். கார் கொண்டாந்திருக்கேன்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என் துண்டை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி இல்லாத வீட்டுல நீங்க எப்படிங்க இருப்பீங்க? வருஷம் பூரா உழைச்சுட்டு இப்பதான் லீவு போட்டிருக்கீங்க. தம்பி தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்."

"நீ வரலையா?"

"சுவரை உடைக்கறப்ப வீட்டுல யாராவது நிக்க வேணாமா? அந்தத் தூசியை நான் தாங்கிக்கறேன்."

அவசரமாகப் பின்வாங்கினேன். துரு அவ்வளவு மோசமில்லை, ஒரு இணைப்பை மட்டும் மாற்றினால் இன்னும் பத்து வருஷம் தாராளமாக ஓடும், பழைய இரும்புக்கு இருக்கிற உறுதி வேறு எதற்கு உண்டு என்றெல்லாம் குழாய்க்கு நானே வக்காலத்து வாங்கினேன். மச்சினன் சிரித்தான்.

"அத்தான், ஒட்டுப்போட்டா பக்கத்துல உடையும்னு நீங்களே சொன்னீங்களாம். அக்கா எல்லாம் சொல்லிட்டா."

காலையில் தொண்டை கிழியப் பேசி நான் வளர்த்த அறிவெல்லாம் ஒரே நாளில் எனக்கு எதிராகத் திரும்பிவிட்டது. டீயைக் கலந்தேன் என்று ஒப்புக்கொண்டால் மட்டும் தப்பிக்கலாம். ஏன் கலந்தீர்கள் என்று அவன் கேட்பான். அவன் முகத்தைப் பார்த்து அதற்குப் பதில் சொல்ல எனக்கு நெஞ்சழுத்தம் போதாது. பெட்டியை எடுத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

அவன் வீட்டில் என்ன நடந்தது என்று விவரிக்கப் போவதில்லை. எங்கள் வீட்டில் அவன் விருந்தாளி என்பதால் கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கிறான் என்பதை மட்டும் அங்கே தெரிந்துகொண்டேன். மாடிப்படி ஏறி இறங்குவதும் அங்கே ஒரு பாடம். கட்டிலைத் தூக்கி நிறுத்திவிட்டு, பகலில் படுப்பவன் பாதி நோயாளி என்பான். நான் இடது பக்கம் திரும்புவதற்குக்கூட அவனிடம் அனுமதி கேட்கும் நிலைக்கு வந்துவிட்டேன். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, மனைவியைப் போனில் பிடித்தேன். குழாய் வேலை எந்த அளவில் இருக்கிறது, சீக்கிரம் முடியுமா என்று கெஞ்சலாகக் கேட்டேன்.

மறுமுனையில் சோவென்று தண்ணீர் கொட்டும் சத்தம்.

"அது என்ன சத்தம்?"

"வாஷிங் மெஷினுக்குத் தண்ணி பிடிக்கறேன்."

"தண்ணி வருதா?"

"எப்பவும் போல வருது."

"சுவரை உடைக்கலையா?"

"எதுக்குங்க உடைக்கணும்? உங்களை ஆபீஸ்ல பயிற்சிக்குன்னு வெளியூர் அனுப்பினாங்களே, அப்பவே நான் ஆள் வெச்சுப் பழைய இரும்பையெல்லாம் எடுத்துட்டுப் புதுக் குழாய் போட்டாச்சு. வெந்நீருக்குத் தனி ரகம். நீங்க திரும்பி வந்து, பெயின்ட் நல்லாயிருக்குன்னு மட்டும் சொன்னீங்க."

ஊரார் பொய்யையெல்லாம் மோந்து பிடிக்கிற எனக்கு, என் வீட்டுச் சுவருக்குள் ஓடுவது பிளாஸ்டிக் என்று தெரியாமல் போயிருக்கிறது.

"தெரிஞ்சே என்னை அனுப்பினியா?"

"வேற என்ன பண்றது? நீங்க லீவு போட்டாப் படுத்துக்கறீங்க. அவன் லீவு விட்டா ஓடறான். நடுவுல ரெண்டு பேருக்கும் சமைச்சு, துணி துவைச்சு, எனக்கு மட்டும் லீவே வந்ததில்ல. நீங்களா ஒரு வழி காட்டினீங்க. இப்பத்தான் மத்தியானத்துல தூங்கறேன். இடது பக்கம் நல்லாத்தாங்க இருக்கு."

அவள் குரலில் அப்படி ஒரு நிம்மதி. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது. குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்தி, நடந்தது நடந்துவிட்டது, வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது என்று உன் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல், நான் இன்றைக்கே வந்து சமையலிலும் கை கொடுக்கிறேன் என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். எனக்கு நம்பிக்கை வந்தது.

"அதெப்படிங்க? நாம இதுவரைக்கும் தண்ணி வர்ற குழாயைப் பத்தி மட்டும்தானே பேசியிருக்கோம்," என்றாள். "தண்ணி வெளிய போற குழாய் அவ்வளவும் இன்னும் பாக்கியிருக்கு."